சிரிப்புக்கு விட்ட இடம்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். மற்றவர்களைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

விருதோடு நீ நிற்கும் புகைப்படத்தைப் பத்திரிகையில் பார்த்தேன். நீ பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் நல்ல கனம் போலிருக்கிறது. முதுகுவலிக்காரி, பார்த்துத் தூக்கு. போனில் வாழ்த்தலாம் என்று கூப்பிட்டால் உன் உதவி இயக்குநர்தான் எடுக்கிறார். "மேடம் பேட்டியில இருக்காங்க சார், அஞ்சு நிமிஷத்துல கூப்பிடச் சொல்றேன்" என்றார் போன வாரம். அந்த ஐந்து நிமிடம் இன்னும் முடியவில்லை. அதனால்தான் ஓட்டல் முகவரிக்கு இந்தக் கடிதம்.

நீ இயக்கிய படத்தின் விமர்சனங்களையெல்லாம் படித்தேன். மௌனத்துக்கு நாக்கு கொடுத்தவள் நீ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வசனங்களுக்கு இடையில் நீ விடும் வெறுமையில் மனித குலத்தின் தனிமை முழுவதும் இருக்கிறதாம். இருக்கலாம். பதினோரு வருடம் தொலைக்காட்சியில் பக்கத்து வீட்டு வாயாடியாக நடித்தபோது, ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் சற்று நிறுத்துவாய். பின்னால் ஒலிக்கூடத்தில் உட்கார்ந்து நான் சிரிப்பொலி சேர்ப்பதற்கான இடம் அது. இப்போது உன் நடிகர்கள் எல்லோரும் அதே அளவுக்கு நிறுத்துகிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. நம் குடும்பத்தில் ஒரு மேதை இருப்பது எனக்கும் கௌரவம்தான்.

இனி மாமா. உன் கதையில் வரும் அப்பா படுக்கையில் விழுந்து ஆறு மாதம் கழித்துத்தான் உன் அப்பாவும் விழுந்தார். மகள் சொல்லை என்றைக்குத் தட்டியிருக்கிறார்? ஆனால் போன முறை நீ வந்து பார்த்த மனிதர் இப்போது இல்லை. கஞ்சி இறங்குவதில்லை. பேச்சு, வந்தால் ஒரு சொல் வரும். வலது பக்கம் முகம் அசைவதில்லை. பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் அம்மா மட்டும் விடாமல் பேசுகிறார். "பெரியவரே, உங்க பொண்ணு டிவியில எங்க வாயையெல்லாம் அடைச்சாங்க, நீங்க ஒரு வாய் கஞ்சிக்கு இவ்வளவு கிராக்கி பண்றீங்களே" என்று அவர் திட்டினால் இடது உதடு மட்டும் லேசாக விரியும்.

நீ அனுப்பிய படத்தை ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதல் வசனம் முடிந்து மௌனம் வந்ததும் மாமா சிரித்தார். அடுத்த மௌனத்திலும் சிரித்தார். உன் குரல் நின்றால் சிரிக்க வேண்டும் என்று பதினோரு வருடம் பழகியவர், பாவம், விமர்சனம் படிக்காதவர். படத்தில் அந்த அப்பா மகளைக் கேட்டு அரற்றும் காட்சியிலும் பாதி முகத்தால் சிரித்தார். நர்ஸ் அம்மா பதறிப்போய், "இந்த வியாதியில சிரிப்பும் அழுகையும் இடம் மாறி வரும், மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார். நான் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

கடைசிக் காட்சிக்குத் திரும்பி வந்தேன். மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறாள். சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறாள்; எழுதியது நீ அல்லவா. யாரும் எதுவும் பேசவில்லை. நீ இதுவரை விட்டதிலேயே நீளமான இடம் அதுதான். மாமா சிரிக்கவில்லை. திரும்பாது என்று எல்லோரும் சொன்ன கழுத்தை மெல்லத் திருப்பி, நம் வீட்டு வாசல் கதவைப் பார்த்தார். படம் முடிந்து பெயர்கள் ஓடின. அப்போதும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "படம் முடிஞ்சிருச்சு மாமா" என்றேன். "வருவா" என்றார்.

நேற்று டாக்டர் வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பார்க்க வேண்டியவங்க யாராவது இருந்தா வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அவரும் நிறுத்திவிட்டார். அந்த இடத்தில் சேர்க்க என்னிடம் எந்த ஒலியும் இல்லை.

கட்டிலை வாசலைப் பார்த்து மாற்றிப் போட்டிருக்கிறேன். கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறோம், தாழ் போடுவதில்லை. வந்து ஒன்றும் பேச வேண்டாம். சும்மா நின்றால் போதும்.

உனக்கு இன்னும் பல விருதுகள் வரட்டும். அதற்கு முன்னால் நீ வா.

இப்படிக்கு,
உன் வசனங்களுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவன்