என் பெயரில் மாட்டிய படம்

மாசி அமாவாசை, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை.

காலையில் எங்கள் ஸ்டுடியோவைத் திறந்தால், வாசல் கண்ணாடிக்குள் என் படம் இருந்த இடத்தில், ஓரியன் நெபுலா என்கிற விண்மேகத்தின் பெரிய படம். ஊதாவும் சிவப்புமாகப் பளபளக்கிறது. கீழே என் பெயர். நான் எடுத்ததே இல்லை அது. என் வீட்டுக்காரர் நெட்டிலிருந்து இறக்கி பிரிண்ட் போட்டு மாட்டியிருக்கிறார்.

"உன் படம் மங்கலா இருக்கு செல்வி. இதுன்னா கல்யாண ஆர்டர் குடுக்க வாறவங்க நின்னு பாப்பாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றேன்.

எங்கள் கீரனூர்த் தோட்டத்தில் ராத்திரிப் பனியில் நின்று அதே நெபுலாவை எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கி, இருட்டிலிருந்து நிறத்தை மெல்ல வெளியே இழுக்க நானாகத்தான் கற்றுக்கொண்டேன். வந்தது சாம்பல் கலந்த ஒரு ரோஸ் திட்டு. ஓரத்து நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டிருக்கின்றன. இருக்கட்டும். அந்த வெளிச்சம் என் லென்ஸுக்குள் வந்தது.

அவர் முன்னாலேயே அதைக் கழற்றி, என்னுடையதை மாட்டினேன்.

"இம்புட்டு வீம்பு ஆகாதுடி," என்றார்.

சாயங்காலம் பூ வாங்கிப்போன ஒரு அக்கா நின்று பார்த்தார். "இது என்னம்மா, அடுப்புப் புகையா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வானத்துல இருக்குறது, அக்கா. நான் எடுத்தது."

"அம்புட்டு தூரத்துல இருக்குறதையா?" அக்கா கண்ணாடியில் முகம் ஒட்ட நின்றுவிட்டார். வீட்டுக்காரர் உள்ளே போய்விட்டார்.

நாளைக்கு அவர் கழற்றினால், மறுபடி நானே மாட்டுவேன்.