தீவுக்கு ஆகாத மாதம்

காற்றை விசாரிக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் தொடங்காத என் அம்மாவுக்கு,

இப்போது ஆடி. மலைப் பக்கமிருந்து காற்று இறங்கி ராஜபாளையத்தையே உலுக்குகிறது. மாடியில் துணி நிற்கவில்லை. நேற்று உன் ஊதாச் சேலை கிளிப்போடு பறந்து, எதிர்வீட்டு லட்சுமியம்மாவின் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்துவிட்டது. அவர் அதை நாலாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். உன் சேலையை நான் ஏன் இன்னும் துவைத்துக் காயப்போடுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

நீ போய் ஐந்து மாதம் முடிந்துவிட்டது. சொந்தக்காரர்கள், உன்னோடு மில்லில் வேலை பார்த்தவர்கள், பால்காரர், கேஸ் ஏஜென்சி என்று எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. ஒரே ஒருத்தரிடம் மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. பாம்பன் சூசையிடம். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்குத் தை அமாவாசைத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனோமே, நாலு வருஷம் முன்னால். எல்லாம் முடிந்து திரும்பும்போது பாம்பனில் வேன் பஞ்சராகி நின்றது. டிரைவர் டயர் மாற்றுவதற்குள் உன்னைக் காணோம். தேடிப் போனால், கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் பக்கத்தில் நிற்கிறாய். அங்கே ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தூண்டில் நரம்பில் முள்ளைக் கட்டிக்கொண்டிருந்தார். நீ அவரை அதட்டிக்கொண்டிருந்தாய்.

"ஏப்பா, இந்த முடிச்சு எங்க ஊர்க் கம்மாயில ஜிலேபிக் கெண்டைக்கே நிக்காது. கடல் மீனு இழுத்தா என்ன ஆகும்?"

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டார். "பெரியம்மாவுக்கு எந்த ஊரு?"

"ராஜபாளையம்."

"அங்கதான் கடலே இல்லையே."

"அதுக்குத்தான இங்க வந்து நிக்கிறேன்."

அவருக்கு எங்கே தெரியும், முப்பது வருஷம் நூல் மில்லில் அறுந்த இழையை முடிந்த கை அது என்று. காலை ஷிப்ட் முடிந்ததும் கம்மாய்க் கரையில் குடையை விரித்து, மைதா உருண்டையைக் குத்தித் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிடுவாயே. "பொம்பள தூண்டி போடுறா பாரு" என்று சிரித்தவர்களுக்கெல்லாம், "பிடிச்சா வந்து குழம்பு கேக்காதீக" என்பாய். அன்றைக்கு சூசையின் நரம்பை வாங்கி நீ ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாய். அவர் இழுத்து இழுத்துப் பார்த்தார். தன் நம்பரை உன் போனில் அவரே அடித்துக் கொடுத்தார். "ஒரு நாள் வாங்க பெரியம்மா. வள்ளத்துல கூட்டிப்போறேன், கரை கண்ணுக்குத் தெரியிற தூரத்துல. வெளமீனு பிடிக்கலாம்."

வேன் ஊரை நெருங்கிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாய். "எந்த மாசம் போனா நல்லாருக்கும்ட்டி?"

அங்கே ஆரம்பித்தது நம் மாதக் கணக்கு. நான் படித்தவள் இல்லையா, பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சித்திரை, வைகாசியில் மீன்பிடித் தடைக்காலம். எனக்கும் கல்லூரியில் பரீட்சைத் தாள் கட்டுக் கட்டாக வரும். ஆனியில் அட்மிஷன். ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று, போதாததற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு வீடு நிறைய விருந்தாள். ஆவணியில் கல்யாணம் காட்சி. புரட்டாசியில் வீட்டில் கவிச்சி ஏறாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று, மழை, அடுத்த பரீட்சை. மார்கழியிலும் கவிச்சி கிடையாது. பங்குனியில் மறுபடி பரீட்சை வேலை தொடங்கிவிடும். எல்லாம் அடித்தபின் தையும் மாசியும் மிஞ்சின.

நீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கடலுக்கு ஆகுற மாசம் நமக்கு ஆகல, நமக்கு ஆகுற மாசம் கடலுக்கு ஆகல. போகட்டும், ரெண்டு மாசம் இருக்குல்ல" என்றாய்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காப்பி குடித்த கையோடு போனை எடுத்து ஸ்பீக்கரில் போடுவாய். "ஏப்பா சூசை, காத்து எப்பிடி?" நான் குளிக்கப் போய்விடுவேன், இல்லையென்றால் சமையலறையில் மிக்ஸி ஓடும். பேசி முடித்ததும் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதுவாய். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, எறும்பு ஊர்வதுபோல இல்லை, எருமை நடப்பதுபோல. பிறகு எனக்கு வாசித்துக் காட்டுவாய். "தெக்க கச்சான் அடிக்கி. கடல் கொந்தளிப்பு." தாளை ஆணியில் குத்திவிட்டு, "இந்த வாரம் ஆகாதுட்டி, நீ வேலையப் பாரு" என்பாய்.

"கடலுக்கே போகாம கடல் ஜோசியம் பாக்குற ஒரே ஆளு நீதாம்மா" என்பேன். நீயும் சிரிப்பாய்.

முதல் தையில் எனக்குக் காய்ச்சல். அடுத்த தையில் பெரிய மாமா வீட்டுக் கல்யாணம். மூன்றாவதை நினைத்துப் பார்த்தால் என்ன காரணம் என்றே ஞாபகம் வரவில்லை. ஒரு வருஷம் எதற்காகப் போனது என்று ஞாபகம்கூட இல்லாமல் போயிருக்கிறது அம்மா.

போன தை நன்றாக ஞாபகம் இருக்கிறது. சூசை கூப்பிட்டு, "பெரியம்மா, கடல் கண்ணாடியா கெடக்கு, கெளம்பி வாங்க" என்றார். அந்த வாரம் கடலும் உனக்குச் சாதகம், நம் வீட்டு மாதமும் சாதகம். நீ முறுக்குச் சுட்டாய். மில்லில் கட்டிய பழைய ஏப்ரனைத் தேடி எடுத்து, அதன் பையில் தூண்டில் முள்ளும் ஈயக் குண்டும் போட்டாய். புதன்கிழமை சாயங்காலம் நான் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். "அம்மா, அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருது. யாருக்கும் லீவு கிடையாதாம். மாசியில போயிருவோம்."

நீ அடுப்பை அணைத்தாய். "மாசிக்கென்ன, மாசியும் நல்ல மாசந்தான்" என்றாய்.

மறுநாள் லட்சுமியம்மா வாசலில் நின்று, "ஏமம்மா, சேப்பலு எக்கட?" என்று தெலுங்கில் கேலி செய்தார், மீன் எங்கே என்று. நீ முறுக்குத் தூக்கைக் கொண்டுபோய் நீட்டினாய். "இந்தாங்க, பாம்பன் முறுக்கு. முள்ளு இருக்காது, பயப்படாம தின்னுங்க." ரெண்டு பேரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. நானும் உள்ளே உட்கார்ந்து சிரித்தேன். உனக்கு வருத்தமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வாசல் தெளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. லட்சுமியம்மா போன் செய்தபோது நான் கல்லூரிக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். வந்த பஸ்ஸிலேயே திரும்பி ஏறினேன். கண்டக்டர், "என்ன மேடம், எதுவும் மறந்துட்டீங்களா?" என்றார்.

காரியம் முடிந்த பிறகு வந்த ஞாயிறு, வழக்கமாக நீ கூப்பிடும் நேரம் தாண்டியது. உன் போன் அடித்தது. சூசை. "பெரியம்மா ரெண்டு வாரமா கூப்பிடலையே, ஒடம்பு சரியில்லையா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தூங்குறாங்கண்ணே" என்று வந்தது.

"சரி தங்கச்சி, எழுப்பாதீங்க. எந்திரிச்சதும் சொல்லுங்க, தெக்க வடக்க ரெண்டு பக்கமும் சும்மா கெடக்கு."

அடுத்த ஞாயிறு நீ குளித்துக்கொண்டிருந்தாய். அதற்கடுத்த வாரம் கோயிலுக்குப் போயிருந்தாய். ஒரு வாரம் லட்சுமியம்மா வீட்டுக்கு. பொய் சொன்ன அந்தச் செத்த நேரம், நீ உண்மையிலேயே அங்கே இருந்தாய் அம்மா. தலையைத் துவட்டிக்கொண்டு இப்போது வந்துவிடுவாய் என்பதுபோல நான் குளியலறைக் கதவைப் பார்த்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது, இரண்டு பட்டம் வாங்கியவள். வேறு யாரிடம் இதைச் சொல்ல முடியும்?

வைகாசிக்குப் பிறகு அவர் "பெரியம்மாவைக் கூப்பிடுங்க" என்று சொல்வதை விட்டுவிட்டார். "பெரியம்மாகிட்ட சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லி, காற்றைச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் ஒவ்வொரு வாரமும் கூப்பிடுகிறாரோ? நான் கேட்கவில்லை.

போன ஞாயிறு பேச்சுவாக்கில், "ஆடியாச்சேண்ணே, கச்சான் அடிக்குமே, இனி தையிலதான் வர முடியும்" என்றேன். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னதுதான்.

அவர் சிரித்தார். "தீவுல ஏது தங்கச்சி ஆகாத மாசம்? கச்சான் அடிச்சா தென்கடல்தான் கொந்தளிக்கும், வடகடல் சும்மா கெடக்கும். வாடை அடிச்சா வடகடல் போகாது, தெக்க வள்ளத்த எறக்குவோம். பொயல் கூண்டு ஏத்துனா அது வேற கதை. தடைக்காலமும் பெரிய போட்டுக்குத்தான், எங்க வள்ளத்துக்கு இல்ல. இதையெல்லாம் மொத வாரமே பெரியம்மாகிட்ட சொல்லிட்டேனே."

எனக்குப் புரியவில்லை. "பின்ன எதுக்கு வாராவாரம் கேட்டாங்க?"

"அது வந்து... நானும் ஒரு நாள் கேட்டேன். 'எம் மகளுக்கு வேல சாஸ்திப்பா. தன்னாலதான் போக முடியலைன்னு தெரிஞ்சா மருகிப் போவா. அவளுக்குத் தோதா ஒரு மாசம் வரட்டும், அதுவரைக்கும் காத்து மேல பழியப் போட்டுக்கிறேன்'னாங்க."

போனை வைத்தபின் ஆணியிலிருந்து தாள்களை எடுத்தேன். நாலு வருஷத்துத் தாள்கள். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம். பின்பக்கம் உன் எருமை நடை. எல்லாத் தாளிலும் இரண்டு வரி இருக்கிறது அம்மா. "தெக்க கச்சான். கொந்தளிப்பு." அதற்குக் கீழே, "வடக்க சும்மா கெடக்கு. போகலாம்." இன்னொன்றில், "வடக்க வாடை, போட்டு எறங்கல." கீழே, "தெக்க பரவால்ல. போகலாம்." போகலாம். போகலாம். நீ எனக்கு வாசித்துக் காட்டியதெல்லாம் முதல் வரியை மட்டும்.

அந்தத் தாள் எப்போதும் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் தொங்கியது. கரண்ட் பில் தேடி அதே ஆணியை எத்தனை தடவை துழாவியிருக்கிறேன்? ஒரு தடவை திருப்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

நீ கடலுக்கு நல்ல மாதம் தேடுவதாக நினைத்தேன். நீ தேடியது எனக்கு நல்ல மாதம். என்னிடம் அப்படி ஒரு மாதம் இருக்கவே இல்லை என்று உனக்கு எப்போது தெரிந்தது? மூன்றாவது தையிலா? முறுக்குத் தூக்கை எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனபோதா? ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம் அம்மா. "உன் காலேஜு நீ போகலைன்னா மூடிருமா" என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் கோபப்பட்டிருப்பேன். கோபத்திலாவது வந்திருப்பேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வுக்குழு கடைசியில் தையில் வரவில்லை. பங்குனிக்குத் தள்ளிப் போனது.

நேற்று முன்தினம் கல்லூரியில் லீவு எழுதிக் கொடுத்தேன். தேரோட்டத்துக்கு எப்படியும் விடுமுறை, அதையொட்டி ஞாயிறும் சேர்ந்து நாலு நாள் வருகிறது. தேருக்கு வரும் சொந்தக்காரர்களுக்குச் சாவியை லட்சுமியம்மாவிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன். ஆபீஸ் சூப்பிரண்டு தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஆடியில போயா பாம்பன்? பாலத்து மேல பஸ்ஸே ஆடும் மேடம். பேசாம தையில போங்களேன்."

"தீவுல ஆகாத மாசம் கிடையாது சார்" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா அம்மா? இதற்குத்தானா நாலு வருஷம்?

உன் ஏப்ரனை எடுத்து வைத்திருக்கிறேன். முள்ளும் ஈயக் குண்டும் நீ போட்டபடியே பையில் கிடக்கின்றன. முறுக்கு எனக்கு உன் பதத்தில் வரவில்லை, கடையில் வாங்கிக்கொண்டேன். முடிச்சு மட்டும் நான் கற்றுக்கொள்ளவே இல்லை. சூசைக்கு நீ போட்டுக் கொடுத்தாயே, அவர்தான் எனக்குக் காட்டித் தர வேண்டும்.

வடகடலில்தான் வள்ளம் இறக்குவார். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நிறுத்திய பிறகு அவரிடம் சொல்லிவிடுவேன். போனில் இல்லை, முகத்தைப் பார்த்து. சொல்லிவிட்டால், அதன் பிறகு உலகத்தில் எந்த மூலையிலும் நீ தூங்கிக்கொண்டோ குளித்துக்கொண்டோ இருக்க மாட்டாய். யாருக்காகவும் இன்னும் செத்த நேரத்தில் எழுந்து வர மாட்டாய்.

ஆனாலும் சொல்லுவேன். நாலு வருஷம் உனக்காகக் காற்றைப் பார்த்த மனுஷன், உனக்காக அழவும் வேண்டும்.

பொறவு, ஊருக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்த கையோடு நானே அவரைக் கூப்பிட்டுக் காற்று எப்படி என்று கேட்பேன். முந்தின நாள் தாளைக் கிழித்து எழுதுவேன். இரண்டு வரியையும் எழுதி, இரண்டு வரியையும் உனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். இது சத்தியம்.

போய்ட்டு வாரேன்ம்மா.

முதல் வரியை மட்டுமே கேட்டு வளர்ந்த,
உன் ஒரே மகள்