‘சரிதான்’ என்று நான் சொன்ன நாள்

இன்று காலை கார்பாலிக் புட்டியைத் திறந்ததும் அந்த நெடியோடு உன் கை ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவனைத் தொடுமுன் அந்தக் கிருமிமருந்து கலந்த தண்ணீரில் கை கழுவிக் கழுவி உன் விரலெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். நானோ, யாரும் பார்க்காதபோது முந்தானையில் துடைத்துக்கொள்கிற ரகம். நம் இருவரையும் ஒரே நாளில்தான் இந்தச் சுரங்க ஆஸ்பத்திரியில் வேலைக்கு எடுத்தார்கள்.

மருந்து விஷயத்தில் நீ பெரிய தொல்லை. தெரிந்த முகமே ஆனாலும் அவன் பெயரை அவன் வாயால் சொல்ல வேண்டும். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்காமல் கிண்ணத்தை நீட்டமாட்டாய். “இன்னாடி இது, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி இத்தினி கேள்வி?” என்று கிண்டல் செய்வேன். “ஆளு மாறிப் போனா அது மருந்தாடி?” என்று முறைப்பாய்.

சுரங்கத்திலிருந்து ஏழுமலையைத் தூக்கி வந்த அன்றும் கேட்டாய். பாறை சரிந்து அவன் கால் முறிந்திருந்தது. கழுத்தில் தொங்கியது அவன் அண்ணன் கோவிந்தனின் வேலை நம்பர் போட்ட பித்தளைப் பில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல், ஷிப்டு தவறினால் வேலை போய்விடும் என்று அவன் பில்லையை மாட்டிக்கொண்டு தம்பி இறங்கியிருந்தான். நம் ஆட்கள் வழக்கமாகச் செய்கிற காரியம்தான். பிடிபட்டால் இருவருக்குமே வேலை கிடையாது. ஆகவே வலியில் துடித்தபோதும் “கோவிந்தன்” என்றான். மருந்தெல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று தலையாட்டினான். உனக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. என் பக்கம் திரும்பி, “உங்க லைன் வீட்டு ஆளுதானே? இவன் சொல்றது சரியாடி?” என்றாய்.

“சரிதான்,” என்றேன்.

அதற்கு முந்தின வருஷம் வயிற்றுவலிக்கு அபின் மருந்து குடித்து மூச்சு நின்றுபோகப் பார்த்தவன் அவன். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் ஏழுமலை என்ற பெயருக்கு நேரே அது எழுதியிருந்தது. எனக்கும் தெரியும். வெள்ளைக்கார டாக்டர் துரை எழுதிக்கொடுத்த அபின் மருந்தை நீ எடுத்து வந்தாய். கொஞ்சம்தானே, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அவன் உதடு நீலம் பாரித்தது. “கோவிந்தா! கண்ணத் தொற!” என்று கன்னத்தில் தட்டித் தட்டிக் கத்தினாய். அசைவில்லை. எனக்குத் தாங்கவில்லை. குனிந்து, “டேய் ஏழுமலை!” என்றேன். இமை அசைந்தது. நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடி அம்மா, அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம். பொழுது சாயும்வரை அவனைத் தூங்கவிடாமல் இருவருமாகப் பிடித்துவைத்தோம். பிழைத்தான்.

எப்படி இப்படி ஆயிற்று என்று துரை கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். “அளவு தப்பா ஊத்திட்டேங்க,” என்றாய் நீ. ஒரு சொட்டு கூடக் குறைய ஊற்றாதவள்! அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் நின்று, “அவங்க வீட்ல அடுப்பு எரியணும், அதான் சொன்னேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நீ?” என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன்பின் பக்கத்து ஆண்டர்சன்பேட்டையில் பிரசவம் பார்த்துக் காலம் தள்ளினாய். எத்தனையோ ஞாயிறு அந்தக் கடைத்தெருவுக்கு வந்தேன். உன் வீட்டுப் பக்கம் திரும்பக் கால் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன. போன மாதம் நீ கண்ணை மூடிவிட்டதைக் காய்காரி சொல்லித்தான் கேள்விப்பட்டேன்.

இப்போது கிண்ணத்தை நீட்டுமுன் நானும் கேட்கிறேன். “நெசமான பேரைச் சொல்லுங்க, யாருக்கும் சொல்லமாட்டேன்,” என்று காதோடு கேட்கிறேன். பாதிப் பேர் பில்லையைப் பார்த்துவிட்டுத் தயங்குகிறார்கள். சொல்லும்வரை நிற்கிறேன்.

அண்ணன் தம்பி இருவரும் ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. இனி யாருக்கும் கெடுதல் இல்லை என்று நேற்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு டாக்டரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். “அவ அளவு தப்பலைங்க, நான்தான் பொய் சொன்னேன்,” என்றேன். இவர் புதிதாக வந்தவர். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “நீ யாரைப் பற்றிச் சொல்கிறாய்?” என்றார்.

இந்த ஆஸ்பத்திரியில் உன்னைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.