உன் பெயரில் போன மெசேஜ்

அக்கா,

இன்று காலை செம்பூரில் எங்கள் அலுவலகக் கட்டடத்து வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாலிஷ் வாசனை லிஃப்ட் வரைக்கும் வந்தது. சனிக்கிழமை மதியங்களில் உங்கள் வீட்டில் அடிக்கும் அதே வாசனை. நின்றேன். ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. லிஃப்ட் வந்தது, ஏறினேன், நேற்று விட்ட வேலையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் கையை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் இருந்தது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அம்மா அதை அக்கம்பக்கத்தில் சொல்லிக் கவலைப்படுகிறாள். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஹார்பர் லைன் ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். கை மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, அது போல அவ்வப்போது உன்னை நினைத்துப் பார்க்கிறேன்.

உங்கள் தாராவி வீட்டின் பரணில்தான் அந்த இணையதளம் முழுவதையும் எழுதினேன். அதே சந்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ராத்திரி தோல் பட்டறைக்குப் போய்விட்டு வரும் அப்பா பகலில் தூங்குவார், லேப்டாப்பை விரிக்க இடமிருக்காது. கீழே பேண்டு மாஸ்டரான உன் அப்பாவும் அவருடைய ஆட்களும் டிரம்பெட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். நீ ஏணியின் பாதியில் உட்கார்ந்து போன் பேசுவாய். டிரம் பக்கத்திலேயே நின்று நின்று மாஸ்டருக்குக் காது மந்தமாகிப் போனதால், பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போன் உன் கைக்கு வந்துவிட்டது என்று சொன்னாய். முலுண்டில் பெண் வீட்டாரிடம் தமிழ், ஹால்காரரிடம் ஹிந்தி, ஊர்வலத்துக்கு அனுமதி கேட்க மராத்தி. மூன்றுக்கும் ஒரே குரல், ஒரே சிரிப்பு.

கல்லூரிக் கடைசி வருடத்தில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டியிருந்தது. வகுப்பில் பாதிப் பேர் நூலகம், மீதிப் பேர் மருத்துவமனை. எனக்குத் தெரிந்தது உங்கள் வீடு ஒன்றுதான். பேண்டு செட்டை நெட்டில் புக் பண்ணுகிற மாதிரி செய்யட்டுமா என்று உன்னிடம் கேட்டேன். அதைக் கேட்கவே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

"பேசுதது எம் பாடு, எழுதுதது ஒம் பாடு. வேற என்னட்டி வேணும்?" என்றாய்.

டேட்டாபேஸில் ஆட்களுக்கு ஒரு டேபிள், நிகழ்ச்சிகளுக்கு ஒன்று, கூப்பிடுகிற வீட்டாருக்கு ஒன்று என்று விளக்கினேன். இருக்கிற ஒரு பாயையே நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் நடக்கிறோம், மூன்று டேபிளை எங்கே போடுவாய் என்று கேட்டாய். கீழே எல்லாரும் சிரித்தார்கள். பிறகு நீயே டிரம், கிளாரினெட், டிரம்பெட் என்று ஒவ்வொருவர் பெயரும் நம்பரும் மனப்பாடமாகச் சொல்ல, நான் ஏற்றினேன்.

நாளையிலிருந்துதான் தேதி தேர்ந்தெடுக்க முடியும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். அன்றைக்கே கூப்பிட்டால் ஆள் சேராது இல்லையா? நீ திரையைப் பார்த்துவிட்டு, "அப்போ கேத வீடு?" என்றாய்.

எனக்கு அது தோன்றவே இல்லை. சாவு இன்றைக்கு என்றால் வாசிப்பதும் இன்றைக்குத்தான். ஆனால் திருமணம், ஞானஸ்நானம், கோயில் கொடை என்று வரிசையாக இருக்கும் இடத்தில் அதையும் ஒரு வரியாகச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. நான் தயங்கியதைப் பார்த்து நீயே விட்டுவிட்டாய். "கேத வீட்டுக்காரன் கம்ப்யூட்டரைத் தொறந்துட்டு இருக்கமாட்டான். போன்தான் பண்ணுவான். அதை நான் பாத்துக்கிடுதேன்."

ஆட்களுக்குத் தானாகப் போகும் மெசேஜை நான் எழுதியிருந்த விதம் உனக்குப் பிடிக்கவில்லை. தங்களது முன்பதிவு உறுதி செய்யப்பட்டுள்ளது என்று எழுதியிருந்தேன். கரண்ட் பில் மாதிரி இருக்கிறது என்றாய். நீ சொல்லச் சொல்ல மாற்றினேன். 'அண்ணே, நமக்கு வேலை வந்திருக்கு. சிவப்புக் கோட்டைத் தேய்ச்சுப் போட்டுட்டு வாங்க. லேட் பண்ணாதீங்க.' அதற்கடியில் தேதி, நேரம், விலாசம். கீழே உன் பெயர். பையன்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் அதை ஆங்கில எழுத்தில் போட்டோம். முதல் மெசேஜ் போனபோது கீழே உட்கார்ந்திருந்த எல்லாருடைய போனும் ஒன்றன்பின் ஒன்றாகக் கத்தியது. நீ ஏணியில் உட்கார்ந்து கைதட்டினாய்.

எனக்கு வேலை கிடைத்த பிறகும் தளம் ஓடியது. மாட்டுங்காவிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் முன்பின் தெரியாத வீடுகள் கூப்பிட்டன. சனிக்கிழமை நான் வந்து பழுது பார்ப்பேன். நீ கதை சொல்வாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு யாரோ ஒருவரிடம் தேதி பேசிக்கொண்டிருந்தாய். அதுதான் நான் கடைசியாகக் கேட்ட உன் குரல். அந்தத் தேதி என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

உன்னைக் கொண்டுவந்து கிடத்திய அன்று சந்து நிறைய ஆட்கள். பேண்டு ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஒருவர் கையிலும் வாத்தியம் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரமாக நின்றார்கள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர்களை எதற்கும் கூப்பிடுகிறவள் நீதான். நீ கூப்பிடாமல் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்கும் போனதில்லை. மாஸ்டர் சொல்வார் என்று அவர்கள் காத்திருந்தார்கள். மாஸ்டர் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, கேட்காத காதோடு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சபைக்காரர் ஒருவர் ஒரு ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பிளக் பாயிண்ட் தேடினார். எடுக்கும்போது பாட்டுப் போட வேண்டுமே என்று அவர் நல்ல மனதோடுதான் செய்தார். எத்தனையோ பேருடைய கடைசி ஊர்வலத்துக்கு ஆள் அனுப்பிய நீ ஒரு பெட்டிப் பாட்டோடு போகப் போகிறாய் என்று எனக்குத் தெரிந்தது. யாராவது ஒருவர் வாய் திறந்து, போய் எடுத்துவாருங்கள் என்று சொன்னால் போதும். நானே சொல்லியிருக்கலாம். கூட்டத்தின் நடுவில் நின்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

பரணுக்கு ஏறினேன். லேப்டாப்பில் தளத்தைத் திறந்து உங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டேன். தேதியை அது ஏற்கவில்லை, நாளையிலிருந்துதான் என்றது. டேட்டாபேஸுக்குள்ளேயே போய் அந்த வரியைக் கையால் சேர்த்தேன். நிகழ்ச்சி வகை காலி. கூப்பிடுபவர் நம்பர் என்ற இடத்தில் என் நம்பர். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சரிபார்த்தேன். அனுப்பினேன்.

கீழே சுவரோரமாக ஒரு போன் கத்தியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம்.

ஏணி ஆடியது. டிரம் வாசிக்கிற செல்வின் அண்ணன் தலையை மட்டும் பரணுக்குள் நீட்டினார். போன் கையில் இருந்தது.

"நீதானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அவ பேருல வருது."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் போனை மறுபடி ஒருமுறை படித்தார்.

"டைம் போடலியே பிள்ள."

"நாலு மணிண்ணே," என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். சரி என்று இறங்கிப் போனார். மேலேயிருந்து பார்த்தேன். ஒவ்வொருவராகச் சந்திலிருந்து வெளியே போனார்கள்.

நாலு மணிக்கு முன்பே வந்தார்கள். எல்லாரும் சிவப்புக் கோட்டில் வந்தார்கள். கேத வீட்டுக்கு வெள்ளைச் சட்டை என்று நீ போனில் சொல்வாய், அந்த மெசேஜில் அது இல்லை. நீ எழுதியபடியே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி சரிகை மின்னியது. பெண்கள் பக்கமிருந்து முணுமுணுப்பு கிளம்பியது, பிள்ளை கிடக்கிற வாசலில் இது என்ன கோலம் என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். என் தப்புத்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மாஸ்டர் எழுந்து வாசலுக்கு வந்தார். ஒவ்வொரு கோட்டாகப் பார்த்தார். ஒருவனுடைய காலரை மட்டும் மடித்துவிட்டார்.

"இருக்கட்டும். அவ சொல்லித்தான வந்திருக்கானுவ," என்றார்.

ஸ்பீக்கரை யாரோ ஓரமாக எடுத்து வைத்தார்கள்.

இப்போது தளம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உன் நம்பருக்கு வரும் போன் என்னிடம் வருகிறது. அலுவலக மாடிப்படியில் நின்று பேசுகிறேன். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கம்மா என்று எல்லாரும் சொல்கிறார்கள். தேதி மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். உன் மாதிரிச் சிரிக்க வரவில்லை. மெசேஜின் கீழே இருக்கும் பெயரை மாற்றட்டுமா என்று மாஸ்டரிடம் ஒருமுறை சைகையில் கேட்டேன். எதற்கு என்று கையை விரித்தார்.

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்த மறுநாள் காலையில், கூப்பிட்ட வீட்டாருக்கு ஒரு கேள்வி போகும்படி செய்திருந்தோம். உன்னை அடக்கம் செய்த மறுநாள் அது எனக்கு வந்தது. 'நம்ம ஆளுங்க நல்லா வாசிச்சாங்களா? ஒரு வரி எழுதிப் போடுங்க.' கீழே உன் பெயர். பதில் வராவிட்டால் வாரத்துக்கு ஒருமுறை அது மறுபடி கேட்கும். நிறுத்துவது எனக்கு ஒரு நிமிட வேலை. நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாரமும் நீ கேட்கிறாய், நான் பதில் எழுதும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நல்லா வாசிச்சாங்க அக்கா. திருப்பத்தில் தண்ணீர் டேங்கர் நின்றதால் எல்லாரும் ஒருக்களித்துப் போக வேண்டியிருந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. கிளாரினெட் ஒரு இடத்தில் தவறியது. மாஸ்டர் திரும்பி, கல்யாணத்தில் பார்ப்பாரே, அதே பார்வை பார்த்தார். அதற்கப்புறம் தவறவில்லை. தொண்ணூறு அடி ரோட்டில் உன்னை வண்டியில் ஏற்றிய பிறகும், பஸ்கள் ஹாரன் அடிக்க அடிக்க, வண்டி கண்ணுக்கு மறையும்வரை ரோட்டோரமாக நின்று வாசித்தார்கள். செல்வின் அண்ணன் கடைசி அடியை அடித்துவிட்டு குச்சியைக் கோட்டுப் பைக்குள் வைத்தார், அது விழுந்தது, மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது.

இவ்வளவும் அந்தப் பெட்டியில் ஏறாது. ஒரு வரிக்கு மேல் யார் எழுதப்போகிறார்கள் என்று நான்தான் அதைச் சின்னதாகச் செய்தேன்.