வகுப்புக்கு வெளியே நின்ற நம் பிள்ளை

என் அன்பான இஞ்சாருங்கோ,

நீங்கள் இருந்த காலத்திலும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் எப்படி வாய் வரும்? கொஞ்ச நாளாக மனம் ஓரிடத்தில் நிற்கிறதில்லை. அடுப்படியில் நின்றால் பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறது. நம் மகள் தர்சிகாவைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

கனகராயன்குளத்தில் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நெஞ்சுவலியில் நீங்கள் போன பிறகு நான் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். வயிற்றுக்குக் குறையில்லை. குறையெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்துதான் வந்தது. பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் போனதிலிருந்து அடிக்கடி என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். பாடம் நடக்கும்போது மேசையில் தாளம் போட்டாளாம். படிப்பிக்கிற சேர் நடக்கிற மாதிரி நடந்து காட்டினாளாம். மதிலேறிப் போனாளாம். அதிபரின் அறையில் நான் தலைகுனிந்து இருப்பேன். அவள் கதவடியில் நின்று நகத்தைக் கடிப்பாள்.

தகப்பன் இல்லாத பிள்ளை, பயம் விட்டுப்போச்சு என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன தவணையில் விஷயம் முற்றிவிட்டது. தமிழ் டீச்சர் இவளை எழும்பி நின்று பாடத்தில் ஒரு பந்தி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இவள் புத்தகத்தை யன்னலால் எறிந்துவிட்டாள். டீச்சர் கையைப் பிடிக்க, இவள் உதறித் தள்ள, அவர் மேசையில் மோதி விழுந்துவிட்டார். தோளில் அடி. கண்ணாடியும் உடைந்துபோனது.

அன்றைக்கு அதிபர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அம்மா, இனி எங்களால ஏலாது. பிள்ளையை வவுனியாவில டொக்டரிட்ட ஒருக்காக் காட்டுங்கோ. அதுக்குப் பிறகும் சரிவராட்டி விடுகைப் பத்திரம் தாறன். வேற பள்ளிக்கூடம் பாருங்கோ."

அண்ணாவிடம் சொன்னேன். "படிச்சது காணும். வீட்டில மறிச்சு உன்னோட இடியப்பம் பிழிய விடு" என்றார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அடித்திருப்பீர்களா?

வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கேட்டதற்கெல்லாம் இவள் வாயே திறக்கவில்லை. இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்கள். திரும்பும்போது பஸ் நிலையத்தில், "எங்கட ஊரால போற கிளிநொச்சிப் பஸ் எதெண்டு பார்த்து இடம் பிடி பிள்ளை, நான் தண்ணிப் போத்தல் வாங்கிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால், அந்தப் பஸ்ஸுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு கச்சான் கடலை விற்கிற பெண்ணிடம், "அக்கா, கிளிநொச்சிப் பஸ் எது?" என்று கேட்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "தலைக்கு மேல பெரிசா எழுதியிருக்கு. உனக்குக் கண் தெரியேல்லையே?"

"கண் தெரியுது அம்மா. எழுத்துத்தான் தெரியாது."

பஸ் போய்விட்டது. நாங்கள் அங்கேயிருந்த மர வாங்கில் இருந்தோம். அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"கரும்பலகையில இருக்கிறதையும், சோதனையெண்டா பக்கத்துப் பிள்ளையின்ர தாளையும் பார்த்துப் படம் மாதிரிக் கீறுவன். கொப்பி வடிவா இருக்கும், ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். எழும்பி வாசிக்கச் சொன்னாத்தான் பிரச்சினை. குழப்படி செய்தா வெளியில விடுவினம். வெளியில நிண்டா வாசிக்கத் தேவையில்லை."

"அப்ப முந்தி எப்பிடிப் படிச்சனி?"

"அப்பா வாசிச்சுக் காட்டுவார். ஒருக்காக் கேட்டா எனக்கு மனசில நிக்கும். வாசிக்கச் சொன்னா அதைப் பார்க்காமலே சொல்லுவன்."

இஞ்சாருங்கோ, நெல் லொறியால் வந்து இறங்கியதும் கால்கூடக் கழுவாமல் அவளுடைய புத்தகத்தை எடுத்து உரத்து வாசிப்பீர்களே. நான் அதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன். உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் வாசித்தீர்களா? பயம் விட்டுப்போச்சு என்று ஊர் சொன்னது. விட்டுப்போனது பயமில்லை. உங்கள் குரல்.

அடுத்த முறை டொக்டரிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் எழுத்துகளைக் காட்டிப் பார்த்தார். "புத்தி குறைவில்லை அம்மா. எழுத்து இவவுக்குக் குழம்பித் தெரியுது. பழக்கினா வரும், ஆனா கனகாலம் எடுக்கும்" என்றார். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது இவள் சின்ன வகுப்பில் இருந்தாள். அப்போது பிடிபட்டிருக்க வேண்டியது, பிடிபடாமலே வகுப்பேறி வந்துவிட்டது.

பிறகு அதிபரின் அறைக்குப் போனோம். தர்சிகா, அங்கே இருந்த தமிழ் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் காரணத்தைச் சொன்னேன். ஒழுக்கத்துக்குப் பொறுப்பான சேர் நம்பவில்லை. "இதெல்லாம் தப்பிறதுக்குச் சொல்லுற சாட்டு. இண்டைக்கு இவளை விட்டா நாளைக்கு எல்லாரும் டீச்சர்மாரைத் தள்ளுவினம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அப்போது டீச்சர் கதைத்தார். "எனக்கு இன்னும் தோள் நோகுது சேர். கோபமும் இருக்கு. ஆனா ஆறாம் வகுப்பிலயிருந்து நான்தான் இவளுக்குத் தமிழ் படிப்பிக்கிறன். எனக்கே தெரியேல்லை. பிள்ளையை எங்க அனுப்பப் போறியள்?"

அதிபர் இந்த வருடம் முடியும்வரை பார்ப்போம் என்றார். இப்போது பள்ளிக்கூடம் விட்ட பிறகு டீச்சர் அவளை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் பழக்குகிறார். சில நாள் முகம் தெளிந்து வருகிறாள். சில நாள் என்னோடும் கதைக்காமல் படுத்துவிடுகிறாள். அடுத்த வருடம் பதினோராம் வகுப்பு, ஓ.எல். பொதுச் சோதனை. அதற்குள் வருமா? வராவிட்டால்?

போன கிழமை நடந்ததை அவளோடு படிக்கிற முன்வீட்டுக் கீர்த்தனா வந்து சொன்னாள். புதிதாக வந்த வரலாற்றுச் சேர் ஒன்றும் தெரியாமல் தர்சிகாவை வாசிக்கச் சொல்லிவிட்டாராம். இனி என்ன நடக்குமோ என்று வகுப்பே பார்த்துக்கொண்டிருந்ததாம். இவள் எழும்பி நின்று, "எனக்கு வாசிக்க வராது சேர். இப்பத்தான் பழகிறன்" என்றாளாம். பின்வரிசை வாங்கில் சிலர் சிரித்திருக்கிறார்கள். ஆனால் மணி அடிக்கும்வரை இவள் வகுப்பை விட்டு வெளியே போகவில்லையாம்.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையை முற்றத்தில் வீசினாள். சாப்பிடவில்லை. இனிப் போகமாட்டேன் என்று அழுதாள்.

காலையில் பையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "அம்மா, நேரம் போகுது, தலையை இழுத்து விடுங்கோ" என்றாள். பின்னிவிட்டேன். போனாள்.

இன்னும் எத்தனை முறை என்னைக் கூப்பிடுவார்களோ தெரியாது. கூப்பிட்டால் போவேன். ஆனால் ஒன்று, இனி அங்கே தலைகுனிந்து இருக்கமாட்டேன். அவள் தானாக ஒரு பக்கத்தை வாசித்து முடிக்கும்வரை அவளை வகுப்புக்கு வெளியே நிறுத்த நான் விடமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்