ஒரு சுழி கம்மி

இன்று காலை உன் கிச்சன் அலமாரிகளுக்கான ஷட்டர் கதவுகள் வந்து இறங்கின. மொத்தம் பதினான்கு. எல்லாம் நீ தேர்ந்தெடுத்த அந்தச் சாம்பல் நிறம். கீறல் விழாமல் இருக்க மேலே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளின் முனையை நகத்தால் கிளப்பினேன். சர்ரென்று ஒரு சத்தம். கூடவே புதுப் பலகையும் பசையும் கலந்த அந்த வாசனை. கை அப்படியே நின்றுவிட்டது. உரிக்கிற வேலை என்னுடையது இல்லை, உன்னுடையது. எத்தனை வீட்டுக்குக் கிச்சன் முடித்துக் கொடுத்திருப்போம், ஒரு வீட்டிலாவது என்னை உரிக்க விட்டிருக்கிறாயா? "நீ அளவு எடுக்கற ஆளு, தள்ளிப் போ. இது ரசிக்கிறவன் வேல" என்பாய்.

பாதி உரித்த ஷட்டரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பதில் வராது என்று தெரியும். இன்ஜினியரிங் படித்தவனுக்கு அதுகூடத் தெரியாதா? ஆனாலும் குழப்பம் குறையவில்லை. எழுதினால் குறையுமா என்று பார்க்கிறேன்.

உன் வீட்டுக் கிச்சன் படத்தை நீ முதன்முதலில் காட்டிய நாள் நினைவிருக்கிறதா? வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் நம் ஒற்றை அறை ஆபீஸ். ஃபேன் சுற்றுகிறதா, யோசிக்கிறதா என்று தெரியாத மத்தியானம். நீ தாளை மேஜையில் விரித்தாய். பதினோரு அடிக்கு ஒன்பதடி. மேலே தட்டையான கூரை இல்லை. செங்கல் வளைவு, பாதி பீப்பாயைக் கவிழ்த்த மாதிரி. கீழே எல்லாம் சாம்பல் நிறக் கதவுகள்.

"இது கிச்சனா, கல்யாண மண்டபமா?" என்று கேட்டேன்.

"சமைக்கிறவங்க நாள் பூரா கீழயே பாக்கறாங்கடா. ஒரு தடவ நிமிந்து பாத்தா ஏதாவது இருக்க வேணாமா?"

"நிமிந்து பாத்தா வெரல் வெட்டிக்கும்."

"நீ சமைக்காத, அவ்ளோதான்."

சாம்பலுக்கும் சண்டை. இருக்கிற நிறங்களில் எதற்கடா இது, எழவு வீடு மாதிரி இருக்கும் என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நீ கோபப்படவில்லை. ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "மலை கலர்" என்றாய். மலையா? காலையில் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம், அந்தியில் செம்மண் மாதிரி ஒன்று. எந்த நேரத்து மலை என்று கேட்டேன். "மழ வரதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி." மலைக்கெல்லாம் கேட்டலாக்கில் நம்பர் இல்லை என்று நான் கத்த, நீ ஒரு வாரம் சாம்பிள் துண்டுகளை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, கடைசியில் நம்பரைக் கண்டுபிடித்தேவிட்டாய்.

படம் போடுவதில் நீ கெட்டி. எழுதுவதில்தான் கோட்டை விடுவாய். வீட்டில் உருது, பள்ளியில் இங்கிலீஷ் மீடியம், தமிழ் உனக்கு சைட்டில் கற்றுக்கொண்ட மொழி. பேச்சில் ஒரு குறையும் இல்லை. எழுத்தில் மட்டும் நெடில் எல்லாம் குறில் ஆகிவிடும். கீழ்பென்னாத்தூர் வேலையில் ஈர சிமென்ட் தரைக்குப் பக்கத்தில் அட்டை எழுதி வைத்தாயே, "இங்கே கல் வைக்காதே" என்று. ஏழுமலை மேஸ்திரி அதைப் படித்து, அங்கே கிடந்த கல்லையெல்லாம் மரியாதையாக எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, தரை மேலேயே நடந்து போனார். கேட்டதற்கு, "கல்லுதானே வைக்கக் கூடாதுனு போட்டிருக்கு? கால வைக்கக் கூடாதுனு போடலியே" என்றார். அன்றைக்குத் தரையைத் திரும்பப் போட்டது நான். சிரித்தது நீ.

உன் வீட்டுக்கு அதே ஏழுமலை வளைவை ஏற்றினார். உங்கம்மா வீட்டுக்குப் பின்மனை, ஒரு சந்துதான் நடுவில். பக்கச் சுவர்கள் வெளியே தள்ளாமல் இருக்க இரும்புக் கம்பி கொடுத்துக் கணக்குப் போட்டுத் தந்தவன் நான்தான். அதில் குறை இல்லை. குறை எங்கே என்றால் புகை. வளைவின் உச்சியில் சூடும் எண்ணெய்ப் புகையும் போய்த் தங்கும், ஆறு மாதத்தில் செங்கல் கறுக்கும். வெளியே போக மேலே வழி விடு, இல்லையென்றால் வளைவுக்குக் கீழே தட்டையாக ஒரு பொய்க்கூரை அடி என்றேன்.

"மூடறதுக்கா இத கட்டினேன்?"

"அப்ப ஓட்ட போடு."

"வளைவு முடியற எடத்துல அரை நெலா மாதிரி இருக்கிற செவுரு. அதுல ஓட்டயா? பாக்க எப்படி இருக்கும்?"

மூன்று நாள் இதே சண்டை. மூன்றாம் நாள் போனில் என் பொறுமை போய்விட்டது. "நீ படம் வரையத்தான் லாயக்கு. கட்டடம் உனக்கு வராது. அந்தக் கிச்சனுக்குள்ள இனிமே நான் கால் வைக்க மாட்டேன்" என்றேன். நீ "சரி, விடுறா" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

அந்த வாரமே உனக்குக் காய்ச்சல். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ பேசும் நிலையில் இல்லை. "விடுறா" தான் கடைசி. சண்டையை விடு என்றாயா, என்னை விட்டுவிடு என்றாயா? உன்னோடு இனி பேச்சில்லை என்பதை இப்படியும் சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன்.

அடக்கம் முடிந்து மூன்று வாரம் கழித்து உங்கம்மா கூப்பிட்டார்கள். வாசலுக்கு உள்பக்கம் நின்றபடியே பேசினார்கள். நஸ்ரின் இத்தாவில் இருந்தாள். கணவன் போனால் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, வெளி ஆண்களைப் பார்க்கக் கூடாது என்பது உங்கள் வழக்கம். எனக்கு அன்றுதான் அந்தக் கணக்கு தெரிந்தது.

"இத்தா முடிஞ்சதும் அவ அந்த வீட்டுக்குத்தான் போவேன்றா. கிச்சன் பாதில நிக்குது. உன்ன விட்டா யாருக்கு அது புரியும்? முடிச்சிக் குடுப்பா."

கால் வைக்க மாட்டேன் என்று சொன்ன இடத்துக்குள் கால் வைத்தேன். சிமென்ட் பூச்சு முடிந்து, பட்டி பார்க்காத சுவர்கள். அரை நிலாச் சுவரை நிமிர்ந்து பார்த்தேன். ஒன்பதடி உயரத்தில், வளைவின் உச்சிக்குச் சற்றுக் கீழே, தச்சு பென்சிலில் உன் கையெழுத்து. ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஒரு அம்புக்குறி, பக்கத்தில் ஒரே ஒரு சொல்.

விடு.

டேய், அன்று எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல முடியாது. இங்கே இடம் விடு. சைட் பாஷையில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. ஆறு இன்ச் விடு, ஜன்னலுக்கு விடு என்று தினமும் சொல்கிறோமே. நான் கத்திய பிறகு நீ தனியாக இங்கே வந்து, ஏணி போட்டு ஏறி, என் பேச்சைக் கேட்டு எழுதியிருக்கிறாய். ஒப்புக்கொண்டுவிட்டாய். கோபமும் இல்லை. நான் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கூட வந்திருந்த ஏழுமலைதான் கீழிருந்து கேட்டார். "விடுனு போட்டாரு சரி, எத்தினி இன்ச்சுனு போடலியே சார்? நம்பர் இல்லாம எழுத மாட்டாரே."

"அத என்கிட்ட விட்டிருக்கான். ஒம்பதுக்கு ஒம்பது உடைங்க."

"யோசிச்சிக்கோங்க. ஒடச்சா ஒடச்சதுதான்."

"அந்தச் சுவத்துல பாரம் இல்ல. உடைங்கனா உடைங்க."

உடைத்தார். உன் எழுத்துக்கு ஒரு விரற்கடை மேலே ஓட்டை. வெளிச்சம் சாய்வாக விழுந்தது. மூன்று மாதத்துக்கு மேல், அதாவது நஸ்ரின் வரும்வரை, நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இத்தா முடிந்து அவள் வந்தாள். கல் மேடை, சிங்க், அடுப்பு எல்லாம் ஆகியிருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்தாள். நீ சொன்னது சரி, நிமிர்ந்து பார்க்கத்தான் செய்கிறார்கள்.

"அந்த ஓட்ட எதுக்குணா? படத்துல இல்லியே."

"அவன்தான் விடச் சொன்னான்மா. பாரு, எழுதியிருக்கான்."

கண்ணைச் சுருக்கிப் படித்தாள். பிறகு துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது விடு இல்லணா. வீடு. அவருக்கு எப்ப சுழி வந்துது? கல்யாணம் ஆன புதுசுல 'விட்டுக்கு வரேன்'னு மெசேஜ் போடுவாரு. எத விட்டுட்டு வரீங்கனு கேப்பேன்."

"வீடா? எந்த வீடு?"

"அந்தச் செவுத்துக்குப் பின்னாடி மாமி வீடுதானே?"

ஒரு நொடியில் எல்லாம் சரிந்தது. நீ வடக்கு தெற்கு போடமாட்டாய். எந்த சைட்டிலும் சுவருக்குச் சுவர் அம்பு போட்டு மலை, ரொடு என்றுதான் எழுதுவாய். ரோடு உன் கையில் எப்போதும் ரொடுதான். இந்தக் கிச்சனிலேயே சிங்க் பக்கச் சுவரில் "மலை" என்று இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு அதன் மேல் டைல்ஸ் ஒட்டச் சொன்னேன். அப்படியென்றால் இது வெறும் திசை. நான் கத்துவதற்கு ஒரு மாதம் முன்பேகூட எழுதியிருக்கலாம். நீ எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று நீ சொன்ன ஓட்டையை, நீ போன பிறகு, உன் எழுத்தையே சாட்சி வைத்து நான் போட்டிருக்கிறேன்.

"நல்லா தெரியுமாம்மா?" என்று முரட்டுத்தனமாகக் கேட்டேன்.

"அவர் எழுத்து எனக்குத் தெரியாதா?" என்றவள் மறுபடி மேலே பார்த்தாள். "ஆனா ஒண்ணு. மலை, ரோடெல்லாம் இடுப்பு ஒசரத்துல எழுதுவாரு. இத எதுக்கு அவ்ளோ மேல ஏறி எழுதினாரு?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். திசை காட்ட எவனாவது ஏணி ஏறுவானா? இல்லை, சாரம் கட்டியிருந்தபோது நின்ற இடத்திலேயே கிறுக்கினாயா? இங்கே ஒரு வழி விட்டால் அம்மா வீடு தெரியும் என்று நினைத்து, விடு, வீடு இரண்டில் எதை எழுதுவது என்று உனக்கே தெரியாமல் எழுதினாயா? ஒரு கணக்கைக் கொடு, போடுகிறேன். ஒரு சுழி இருக்கிறதா இல்லையா என்பதை எந்தக் கணக்கில் போடுவது?

ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று நஸ்ரினிடம் கேட்டேன். "மொதல்ல அது வேல செய்யுதானு பாருங்கணா" என்றாள். உன் மனைவி உன்னைவிட இன்ஜினியர். கடாயை வைத்து நாலு காய்ந்த மிளகாயை வறுக்கச் சொன்னேன். புகை எழுந்தது. வளைவைத் தொட்டது, அதன் முதுகோடு நகர்ந்தது, உன் எழுத்தைத் தாண்டி ஓட்டை வழியாக வெளியே போனது. எங்களுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நான் சொன்னேன் பார்த்தாயா என்று யாரிடமோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சந்துக்கு அந்தப் பக்கம் மாடியில் ஒரு இருமல். பிறகு உங்கம்மா குரல்.

"யாரு அது மொளகாய வறுக்கறது? துணி காயப் போட வந்த மனுஷி சாகறதா?"

"நான்தான் மாமி!" என்று நஸ்ரின் ஓட்டையைப் பார்த்துக் கத்தினாள்.

பிறகு அந்தக் குரல், கொஞ்சம் மாறி, "அங்கேந்து இங்க கேக்குதா? சரி சரி. சாயந்திரம் மீன் கொழம்பு வை. வாசம் வருதானு பாக்கறேன்" என்றது.

இப்போதெல்லாம் தினமும் இதே கதைதான். சமையல் இங்கே, விமர்சனம் அங்கே. உப்பு ஜாஸ்தியா கம்மியா என்பதுகூட வாசத்திலேயே தெரிகிறதாம். நீ நினைத்து எழுதியது இதுதானா? தெரியாது. தற்செயலா? அதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு வேலை செய்வது எனக்குப் பழக்கமில்லை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இன்று பட்டி பார்க்க ஏழுமலை ஆள் அனுப்பியிருந்தார். எல்லாச் சுவரும் முடிந்தது. அரை நிலாச் சுவரில் ஒரு சாண் இடத்தைச் சுற்றி டேப் ஒட்டி, இதைத் தொடாதே என்று சொல்லிவிட்டேன். எழுதுவதை நடுவில் நிறுத்திவிட்டு, ஷட்டரை உரிக்கிற வேலையை நஸ்ரினிடம் கொடுத்தேன். பதிமூன்றை உரித்துவிட்டாள். மழைக்கு முந்தைய மலை, நீ சொன்ன மாதிரியேதான். எழவு வீடு மாதிரி இல்லைடா. பாதி உரித்த அந்த ஒன்றை மட்டும், "இது அவருதுணா" என்று தொடவில்லை.

ஒன்று மட்டும் உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இப்போது சைட்டில் நான் எழுதும்போது ஒவ்வொரு சுழியையும் ஜிலேபி அளவுக்குப் போடுகிறேன். ஏழுமலை கிண்டல் செய்கிறார். செய்யட்டும்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, உன் பென்சிலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். அந்தச் சொல்லின் மேலே ஒரு சின்னச் சுழி. அவ்வளவுதான், ஒரு வினாடி வேலை. போட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். பென்சில் முனையைச் சுவரில் வைத்தேன்.

போடாமல் விட்டுவிட்டேன்.