வழுக்கி விழுந்த சூரியன்

என்னடி, பக்கத்து வீட்டில் காலையிலிருந்து தச்சர் கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். உப்புத்தாளின் வாசனை ஜன்னல் வழியாக வந்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண் பி.எட். படிக்கிறாள். மடிக்கணினியில் ஒரு மேகத்தை விரலால் நகர்த்திக் காட்டி, "உங்க காலத்துல இதுக்கெல்லாம் என்ன வெச்சிருந்தீங்க டீச்சர்?" என்றாள். "உப்புத்தாள்" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நீ இருந்திருந்தால் இருவரும் அவளைப் பிடித்து உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லியிருப்போம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் புதுமை என்றால் ப்ளானல் போர்டுதான். பலகையின் மேல் சொரசொரப்பான ப்ளானல் துணியை இழுத்துக் கட்ட வேண்டும். படங்களை வெட்டி, முதுகில் உப்புத்தாள் ஒட்ட வேண்டும். வைத்தால் பிடித்துக்கொள்ளும், எடுத்தால் வந்துவிடும். கை வலிக்கக் கரும்பலகையில் வரைந்து பழகிய நமக்கு அதுவே மாயவித்தை. செய்முறைத் தேர்வில் அதை வைத்துத்தான் பாடம் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குத் தேர்வு என்றால் வெறும் மதிப்பெண். உனக்கு அப்படி இல்லை. முதல் தடவையே தேறாவிட்டால், தை மாதம் மாமன் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று உன் அம்மா பேசி முடித்திருந்தார். வீட்டில் உன் பக்கம் நின்றவர் அப்பா ஒருவர்தான்.

அந்த அன்பில்தான் வினை வந்தது. நீ கட்டி வைத்திருந்த பலகையைப் பார்த்து அவருக்கு மனசு கேட்கவில்லை. "பரிச்சைக்குப் போற பொண்ணு கையில முரட்டுத் துணியா? நம்ம மானம் இன்னா ஆவறது?" என்று தோன்றியதாகப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். ப்ளானலைப் பிரித்துவிட்டு, தன் தறியில் நெய்து உனக்கென்று எடுத்து வைத்திருந்த மயில்கழுத்து நிறப் பட்டு ரவிக்கைத் துண்டைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஆணி அடித்திருக்கிறார். செய்தித்தாளில் சுற்றி, "பள்ளிக்கூடத்துல போய்ப் பிரிம்மா" என்று உன்னிடம் கொடுத்தார்.

மூன்றாம் வகுப்பு. மழை எப்படிப் பெய்கிறது என்பது பாடம். பின்னால் தேர்வாளர். அவருக்கு அடுத்த பெஞ்சில், என் முறைக்காக என் பலகையோடு நான். நீ செய்தித்தாளைப் பிரித்தாய். முகம் வெளிறிப்போனது. பட்டில் உப்புத்தாள் எங்கே பிடிக்கும்? நீ வைத்த சூரியன் சர்ரென்று வழுக்கித் தரையில் விழுந்தது. மேகம் அதன் மேல் விழுந்தது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நான் என் பலகையைக் கொடுக்க எழுந்தேன். ஒருவர் பலகையை இன்னொருவர் வாங்கினால் இருவருக்கும் மதிப்பெண் கிடையாது. கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாய்.

அதன்பின் நீ செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எவன் அதிகம் சிரித்தானோ அவனிடம் சூரியனைக் கொடுத்தாய். "நீதான் சூரியன். பெஞ்சு மேல ஏறுப்பா." முன்வரிசை கடலானது. உயரமான இருவர் மலை. மேகத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஒய்யாரமாக நடந்தாள். காகிதத் துளியோடு நின்ற பொடியனுக்குப் பொறுமை போய்விட்டது.

"டீச்சர், நான் எப்போ வுழறது?"

"மேகம் மலைகிட்ட போவட்டும்பா, அப்பறம் வுழு."

அவன் தொப்பென்று விழுந்ததில் தேர்வாளரே சிரித்துவிட்டார். பாடம் முடிந்ததும், "இந்த முறை எந்தப் புத்தகத்துல இருக்கும்மா?" என்று கேட்டார்.

"புத்தகத்துல இல்லீங்க சார். பலகையில ஒட்டல, அதான்."

உண்மையைச் சொல்லித் தொலைத்தாயே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் உன்னோடு நானும் உன் வீட்டுக்கு வந்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தோம். தறிக்குழியிலிருந்து அப்பா நிமிர்ந்து பார்த்தார். "பட்டு எப்படிம்மா இருந்துச்சு? பரிச்சைக்கு வந்தவரு பாத்தாரா?"

நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய். "எல்லாரும் அதையேதான்பா பாத்துக்கினு இருந்தாங்க."

முடிவு வந்தபோது செய்முறையில் நீதான் முதல். தை மாதம் பிறந்தபோது நீ ஐயம்பேட்டையில் ஒரு பள்ளியில் சாக்பீஸோடு நின்றாய். "எம் பொண்ணு பாஸ் பண்ணதே என் பட்டாலதான்" என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். சிரிப்பு வரவில்லையா என்று தனியாகக் கேட்டேன்.

"அவுரு சொல்றது நெசந்தான்டி. படம் ஒழுங்கா ஒட்டியிருந்தா நான் பலகையத்தான பாத்துக்கினு இருந்திருப்பேன்? புள்ளைங்கள எங்க பாத்திருப்பேன்?"

ஓய்வு பெறும்வரை நானும் வானொலிப் பாடம், படம் காட்டும் கருவி, கணினி என்று வந்ததையெல்லாம் ஆசையோடு வகுப்புக்குள் கொண்டுபோனேன். எல்லாமே என்றாவது மக்கர் பண்ணும். சக ஆசிரியர்கள் ஒயரைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருக்கும்போது, நான் பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொள்வேன். எனக்குப் பதற்றம் வந்ததே இல்லை. அப்படித் திரும்பக் கற்றது உன்னிடம்தான்டி.